பயந்தா விசுவாசம் இல்லையா, ஆச்சி?

ராத்திரி ரெண்டு மணி. ஹாஸ்டல் மொட்டை மாடி. விடிஞ்சா சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் அரியர் எக்ஸாம். மூணாவது அட்டெம்ப்ட்! நெஞ்சு மேல யாரோ அம்மிக்கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருந்தது. ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் மறந்துபோச்சு. அதுகூடப் பரவாயில்லை பாஸ், 23-ம் சங்கீதமே பாதியில நின்னுபோச்சு. சண்டே கிளாஸ்ல அதை ஒப்பிச்சு சோப்பு டப்பா பரிசு வாங்கினவன் நான்!

இந்த பேப்பர் க்ளியர் ஆகலைன்னா, பல கம்பெனி கேம்பஸ் இன்டர்வியூவுல வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. எஜுகேஷன் லோன்ல அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கார். அம்மா தினமும் காலையில வாட்ஸ்அப்ல ஒரு வசனம் அனுப்புவாங்க. நானும் 'ஆமென்' போட்டுட்டு மறுபடி படுத்துடுவேன்.

போன மாசம் சர்ச்ல ஒரு அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். ''தம்பி, உண்மையான விசுவாசம் இருந்தா பயமே வராது''ன்னார். நல்ல மனசோடதான் சொன்னார். ஆனா, அதுவரைக்கும் எக்ஸாம் பயம் மட்டும்தான் இருந்தது. அன்னையிலேர்ந்து, 'பயப்படுறோமே, அப்போ நமக்கு விசுவாசமே இல்லையோ'ங்கிற பயமும் சேர்ந்துக்கிச்சு. ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ!

நாலரை மணிக்கு ஆச்சிக்கு போன் போட்டேன். ஏரல் பக்கத்துல கிராமம். அதிகாலை ஜெபத்துக்கு அந்நேரமே எழுந்துடுவாங்க. 2023 டிசம்பர் 17, 18 மழை ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அப்போ தாமிரபரணி கரையை மீறி ஆச்சி வீட்டுக்குள்ளயும் வந்துடுச்சு. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. வாசல்ல கட்டின ஸ்டார்கூட நனைஞ்சு தொங்கிச்சாம்.

''அன்னிக்கு நீங்க பயப்படலையா ஆச்சி?''

''பயப்படாம? கை காலெல்லாம் வெடவெடன்னு வந்துச்சுல்லா. ஜெபம் பண்ணிக்கிட்டேதான் அரிசி மூட்டையப் பரண்ல ஏத்துனோம். கண்ண மூடிக்கிட்டு நின்னா அரிசி நனைஞ்சிரும்லா, அதான் கண்ணத் தொறந்துக்கிட்டே ஜெபிச்சேன்.''

சிரிச்சுட்டேன். ஆச்சி விடலை. ''இயேசு சாமி கெத்செமனேயில என்னல சிரிச்சுக்கிட்டா இருந்தாரு?''

அட, ஆமால்ல! சிலுவைக்கு முந்தின ராத்திரி, அந்தத் தோட்டத்துல அவரோட வேர்வை ரத்தத் துளி மாதிரி விழுந்ததா லூக்கா எழுதியிருக்கார். 'இது என்னை விட்டுப் போகாதா'ன்னு திரும்பத் திரும்பக் கேட்டிருக்கார். கூட வந்த ஃப்ரெண்ட்ஸ் நல்லாத் தூங்கியிருக்காங்க (நம்ம ரூம்மேட்ஸ் மாதிரியே). அவருக்கே அப்படின்னா, ஒரு அரியர் பேப்பருக்கு எனக்கு நடுங்கக் கூடாதா? 88-ம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்க... புலம்பல்ல ஆரம்பிச்சு இருட்டுலயே முடிஞ்சுபோகும். கடைசியில ஆறுதலே கிடையாது. அதையும் பைபிளுக்குள்ள வெச்சிருக்காங்களே! நான் மறந்துபோன 23-லகூட இருட்டுப் பள்ளத்தாக்கு ஒண்ணு வருது. சிவில் பசங்க கவனிக்க: அதுக்கு மேல பாலம் கட்டினதா எங்கேயும் இல்லை. உள்ளே இறங்கி நடந்துதான் போகணும். கூட ஒருத்தர் வர்றார், அவ்வளவுதான்.

நெஞ்சடைக்கிற இந்த விஷயத்தை ஆச்சிகிட்ட மறைக்கலை. ''அடிக்கடி வருதுன்னா டாக்டர்ட்ட போல. நான் பிபி மாத்திரை முழுங்கிட்டுத்தான ஜெபம் பண்ணுதேன்?''னாங்க. அடுத்த வாரம் காலேஜ் கவுன்சிலர் ரூமுக்கும் போனேன். வெளியே பெஞ்சுல எனக்கு முன்னாடி நாலு பேர். அதுல ஒருத்தன் எங்க கிளாஸ் டாப்பர்!

எக்ஸாம் ஹால்ல பயம் போகலை. ஹால் டிக்கெட்ல கையெழுத்துப் போடும்போதுகூட விரல் நடுங்கிச்சு. கண்ணைத் தொறந்துக்கிட்டே ஒரு ஜெபம். சாம்ப்ளிங் தியரம் கேட்டிருந்தாங்க, எழுதினேன். ஃபூரியர் பாதி வந்தது. பார்ட் பி-ல ஒரு கேள்வியைத் தொடவே இல்லை.

ரிசல்ட் இன்னும் வரலை. நேத்து ஆச்சி போன் பண்ணாங்க.

''பாஸாயிருவியால?''

''தெரியலை ஆச்சி. பயமாத்தான் இருக்கு.''

''எனக்குந்தாம்ல. சரி, சாப்பிட்டியா?''