"போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்"

வாஷிங் மெஷின் நின்றுவிட்டால் வீட்டுக்கு வரும் பையன் மூடியைக் கழற்றி, இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுச் சொல்லும் வாக்கியம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஏசி என்றாலும் அதேதான், இன்வெர்ட்டர் என்றாலும் அதேதான். போர்டில் எது போனது என்று கேட்டால் பதில் வராது. அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் பையில் இருப்பது ஸ்க்ரூ டிரைவர், மல்டி மீட்டர், விலைப்பட்டியல். பார்ப்பதற்கென்று அவனுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

என் கட்சி இதுதான்: போர்டு ரிப்பேர் என்று பெயர்ப்பலகை மாட்டும் எந்தக் கடையிலும் சால்டரிங் அயர்னுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டீரியோ ஜூம் மைக்ராஸ்கோப் இருக்க வேண்டும். அது இல்லாமல் சொல்லும் "போயிடுச்சு", நாடி பிடிக்காமல் எழுதிய மருந்துச் சீட்டு மாதிரி.

டிரான்சிஸ்டர் ரேடியோ காலத்தை நினைத்துப் பாருங்கள். ரெசிஸ்டர் நெல்மணி அளவு இருக்கும், அதன்மேல் வண்ணக் கோடுகள். ட்யூப் லைட் வெளிச்சத்தில் கறுப்பு, பழுப்பு, சிவப்பு என்று படித்துவிடலாம். இன்றைய போர்டில் 0402 என்று ஒரு அளவு. நீளம் 1 மில்லிமீட்டர், அகலம் அரை மில்லிமீட்டர். ரவைத் துணுக்குதான். அதற்கும் கீழே 0201 இருக்கிறது, 0.6க்கு 0.3. ஐசியின் கால்கள் அரை மில்லிமீட்டருக்கு ஒன்றாக வரிசை கட்டி நிற்கின்றன. இதை வெறும் கண்ணாலும், வாட்ச் கடைக்காரர் கண்ணில் செருகும் லென்ஸாலும் எவ்வளவு நேரம் பார்க்க முடியும்?

மைக்ராஸ்கோப் என்றதும் பள்ளியில் வெங்காயத் தோலைப் பார்த்தது ஞாபகம் வரும். அது வேறு ஜாதி. அதில் பிம்பம் தலைகீழாகத் தெரியும். கண்ணாடித் தகட்டை இடது பக்கம் தள்ளினால் படம் வலது பக்கம் ஓடும். அதன் கீழே சால்டர் பிடிக்கவே முடியாது. ஸ்டீரியோவில் இரண்டு கண்ணுக்கும் தனித்தனி ஒளிப்பாதை. ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறு கோணத்தில் பார்ப்பதால் மேடு பள்ளம் தெரியும், படமும் நிமிர்ந்தே இருக்கும். கிரீனஃப் என்ற அமெரிக்கர் யோசனை சொல்லி, ஜெர்மனியின் ஜெனாவில் கார்ல் ஜைஸ் கம்பெனி 1890களில் செய்துகொடுத்தது இது. உயிரியல்காரர்களுக்காகப் பிறந்த கருவி. 1959-ல் பாஷ் அண்ட் லாம்ப் அதில் ஜூம் சேர்த்தது. இன்றைக்கும் செல்போன் ரிப்பேர் மேஜைகளில் இருப்பது பெரும்பாலும் அந்த வம்சம்தான். 7 மடங்கிலிருந்து 45 மடங்கு வரை, ஒரே திருகில்.

மேடு பள்ளம் தெரிவதில் அப்படி என்ன வந்தது என்று கேட்கலாம். எல்லாமே அதில்தான் இருக்கிறது. ரிலேயின் காலைச் சுற்றி சால்டரில் ஒரு மெல்லிய வளையம் தெரிகிறது. அது நிழலா, விரிசலா? ஐசியின் ஒரு கால், மேலிருந்து பார்த்தால் ஒட்டியிருப்பது போலவே இருக்கும். ஆழம் தெரிந்தால்தான் அது தலைமுடி அளவு தூக்கிக்கொண்டு நிற்பது புரியும். வாஷிங் மெஷின் நாள் முழுக்க ஆடுகிறது, ஏசியின் வெளி யூனிட் வெயிலில் காய்ந்து ராத்திரியில் குளிர்கிறது. இந்த ஆட்டத்திலும் சூட்டிலும் முதலில் விட்டுக்கொடுப்பது கனமான பாகங்களின் சால்டர்தான். மீட்டர் வைத்து அழுத்தும்போது கான்டாக்ட் சேர்ந்துகொள்ளும், கையை எடுத்தால் விட்டுவிடும். மீட்டருக்கு அகப்படாத இந்தத் திருடனைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

சென்ற வருடம் எங்கள் தெருவில் ஒரு வீட்டு ஏசிக்கு 11,000 ரூபாய் போர்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். கடற்கரைப் பக்கம், உப்புக் காற்று. கழற்றிய போர்டை ரிப்பேர் செய்யும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனோம். அவன் மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். கனெக்டர் ஓரத்தில் பச்சை பூத்து ஒரு டிராக் அறுந்திருந்தது. சுரண்டி, ஐபிஏ போட்டுத் துடைத்து, வயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவி அதன்மேல் பாலம் போட்டான். 600 ரூபாய் வாங்கினான். ஏசி இதை எழுதும்போதும் ஓடுகிறது.

இப்போது சிலர் யுஎஸ்பி கேமராவைத் திரையோடு இணைத்து, இதுவும் மைக்ராஸ்கோப்தானே என்கிறார்கள். வாடிக்கையாளருக்குப் பழுதைக் காட்ட, படம் எடுத்து வைக்க, அது நல்லதே. கையால் வேலை செய்ய ஆகாது. ஆழம் தெரியாது, கை நகர்ந்து ஒரு கணம் கழித்துத் திரை நகரும், அதற்குள் அயர்ன் முனை பக்கத்துக் கால்மேல் உட்கார்ந்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால், மூன்றாவது குழலில் கேமரா மாட்டும் டிரைனாகுலர் வகை கிடைக்கிறது. மொபைல் கடைகளுக்கான சீனத் தயாரிப்பு இருபதாயிரம் ரூபாய் வாக்கில் வருகிறது.

வாங்குகிறவர்கள் 0.5 துணை லென்ஸையும் சேர்த்து வாங்குங்கள். பெருக்கம் பாதியாகும், ஆனால் லென்ஸுக்கும் போர்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுமார் 10 சென்டிமீட்டரிலிருந்து 16 வரை கூடும். அயர்ன் சாய்வாக நுழைய அந்த இடம் வேண்டும். ஃப்ளக்ஸ் புகை படிவதும் இந்தத் துணை லென்ஸோடு போகும், மெயின் லென்ஸ் பிழைக்கும். வளைய விளக்கு மட்டும் போட்டால் சால்டர் பளபளத்து விரிசலை மறைத்துவிடும். பக்கவாட்டில் ஒரு மேஜை விளக்கு வையுங்கள்.

நம் வயசுக்காரர்களுக்கு ஒரு சங்கதி. அறுபதுக்கு மேல் கண் கிட்டத்தில் குவியாது, தெரிந்ததே. இந்தக் கருவியில் கண் கிட்டத்தில் குவிய வேண்டியதே இல்லை, தூரத்தைப் பார்ப்பது போல் ஓய்வாகப் பார்க்கலாம். காட்ராக்ட் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் ஒத்து வரும். முதலில் அதிகப் பெருக்கத்தில் ஃபோகஸ் செய்து, பிறகு பெருக்கத்தைக் குறைத்து, கண்குழல் வளையத்தை ஒவ்வொரு கண்ணுக்கும் தனியாகத் திருப்பிச் சரி செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் "தலை வலிக்குது" என்று ஓரங்கட்டியவர்கள் நிறைய. ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்களுக்கு இதன் பலன் பாதிதான்.

எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்லவில்லை. ஐசி உள்ளுக்குள் செத்திருந்தால் வெளியே ஒரு அடையாளமும் இருக்காது. வயிற்றுக்கு அடியில் சால்டர் உருண்டைகள் கொண்ட பிஜிஏ சிப் என்றால் எக்ஸ்ரே இல்லாமல் அடியில் பார்க்க வழியில்லை. பவர் சப்ளை பகுதியின் பெரிய கப்பாசிட்டரில் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் 325 வோல்ட் வரை நின்றுகொண்டிருக்கலாம். அதை எந்த லென்ஸும் காட்டாது, முதலில் டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத்தான் முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டும்.

கம்பெனிகள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. புதுப் போர்டுக்கு வாரண்டி தரலாம், பாலம் போட்ட போர்டுக்கு யார் தருவது? ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவு எடுக்க வேண்டியவர் பணம் கொடுப்பவர். 600-க்கு உத்தரவாதம் இல்லாத வேலையா, 11,000-க்கு உத்தரவாதமுள்ள போர்டா என்று அவரிடம் இரண்டையும் வைக்க வேண்டாமா? 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது நீக்கும் உரிமை பற்றி ஒரு குழு போட்டது, அதற்காக இணையதளமும் திறந்தது. நல்ல காரியம். அதோடு ஐடிஐ, பாலிடெக்னிக் பையன்களை ஒரு பருவம் இந்தக் குழல்களின் முன் உட்கார வைத்தால், அந்த உரிமையைப் பயன்படுத்த ஊருக்கு ஊர் ஆள் இருப்பார்கள்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. வாரண்டி முடிந்த மெஷினுக்குப் போர்டு மாற்றினால், பில்லில் எக்ஸ்சேஞ்ச் விலை என்று போடாத பட்சத்தில், பழைய போர்டைக் கேட்டு வாங்குங்கள். ஈரம் படாத இடத்தில் காகிதத்தில் சுற்றி வைத்து, மைக்ராஸ்கோப் உள்ள கடை எது என்று விசாரித்து ஒரு நாள் கொண்டுபோய்க் காட்டுங்கள். சரியானால் அடுத்த முறைக்கு ஸ்பேர் ஆயிற்று.