பேட்டரி மேல் விழும் பழி

காலையில் டிராக்டரின் செல்ஃப் முக்கி முக்கிச் சுற்றினால் போதும், பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது: “பேட்டரி போச்சு, மாத்திடுங்க.” இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றி, மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினாலும் தீர்ப்பு மாறுவதில்லை. “சார்ஜ் நிக்கல” என்று காரணம் மட்டும் மாறுகிறது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை உழவு ஓட்டிக் கடன் கட்டுகிறவரின் மடியில் கைவைக்கிற நம்பிக்கை இது. இதை எதிர்த்துப் பேசித்தான் ஆகவேண்டும்.

டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் காற்று ரிங் ஓரமாகக் கசியும். சூடு சிலிண்டர் சுவரில் இறங்கிவிடும். ஆகவே செல்ஃப் மோட்டார் வேகமாகச் சுற்றியே தீரவேண்டும். அந்த நேரத்தில் அது சில நூறு ஆம்பியர் இழுக்கும்.

இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். பச்சை பூத்த டெர்மினலிலோ, துருவும் பெயின்ட்டும் ஏறிய எர்த் வயரிலோ ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருக்கிறது என்று வையுங்கள். 200 ஆம்பியர் ஓடும்போது அங்கேயே 2 வோல்ட் செத்துப்போகும். அதே வழியில் ஹெட்லைட்டுக்கு 5 ஆம்பியர் ஓடினால் போவது 0.05 வோல்ட்தான். “லைட் பளிச்சுன்னு எரியுதே, வயர்ல என்ன கோளாறு இருக்கப்போவுது?” என்ற வாதம் இதனால்தான் செல்லாது. மதகடியில் தண்ணீர் ததும்பி நின்றாலும், நடுவாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடை காய்ந்துதான் கிடக்கும். மதகடியில் அளந்து என்ன பயன்?

அளக்க வேண்டியது செல்ஃப் சுற்றும்போது. கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக்கைப் பூட்டி, இஞ்சின் பிடித்துக்கொள்ளாதபடி ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ப்ளஸ் கம்பத்தில் வையுங்கள். கம்பத்தின் மேலேயே, கிளாம்ப்பின் மேல் அல்ல. மறுமுனை செல்ஃப் மோட்டாரில் தடித்த வயர் வந்து சேரும் போல்ட்டில். சுற்றும் நேரத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அந்த வழியில்தான். மைனஸ் கம்பத்துக்கும் மோட்டாரின் உடம்புக்கும் நடுவில் இன்னும் குறைவாகவே இருக்க வேண்டும். மீட்டர் இல்லையா? தடித்த ஜம்ப்பர் வயரின் ஒரு முனையை முதலில் பேட்டரி மைனஸில் மாட்டி, மறுமுனையை இஞ்சின் பிளாக்கில் கவ்வ வையுங்கள். உடனே சுறுசுறுப்பாகச் சுற்றினால் எர்த் வயர்தான் குற்றவாளி.

பேட்டரி கெடாது என்று நான் சொல்லவில்லை. செல்ஃப் சுற்றும்போது அதன் கம்பங்களில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சந்தேகப்படலாம், லோடு டெஸ்டரில் போட்டுப் பார்க்கலாம். அங்கும் அவசரம் கூடாது. செல்ஃபின் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசினாலும் அது ஆம்பியரை வாரி இழுத்து வோல்ட்டை இறக்கும். கார்பன் தேய்ந்திருந்தால் நேர்மாறு: வோல்ட் நன்றாக நிற்கும், மோட்டார் மட்டும் சோம்பும்.

பிறகு ஏன் பேட்டரி மாற்றியதும் சரியாகிவிடுகிறது? மாற்றும்போது கிளாம்ப்பைக் கழற்றுகிறார்கள், சுரண்டுகிறார்கள், இறுக்கிப் பூட்டுகிறார்கள். வண்டியைக் குணமாக்கியது பெரும்பாலும் அந்தச் சுரண்டல். பாராட்டு மட்டும் புதுப் பேட்டரிக்குப் போகிறது, பழையது எடைக்குப் போகிறது. கோளாறு எர்த்திலோ செல்ஃபிலோ இருந்தால், புதுப் பேட்டரியின் தெம்பு அதைக் கொஞ்ச நாள் மூடி மறைக்கும். அதற்குள் நீண்ட நேரம் செல்ஃப் அடித்து அடித்து மோட்டார் சூடேறிக் கருகிவிடும். செலவு இரண்டாகும், நடவு நேரத்தில் வண்டி பட்டறையில் நிற்கும்.

பேட்டரி விற்கும் கடைக்காரர்கள், வீட்டுக்கே வந்து பார்க்கும் மெக்கானிக்குகள், இரு தரப்பாரிடமும் உழவர்கள் உரிமையோடு கேட்கலாம்: செல்ஃப் அடிக்கும்போது ப்ளஸ் பக்கம் எவ்வளவு விழுகிறது, எர்த் பக்கம் எவ்வளவு விழுகிறது, கண்முன்னே காட்டுங்கள். அந்த இரண்டு எண்களும் தெரியும்வரை பழைய பேட்டரி வண்டியை விட்டு இறங்கக்கூடாது.