அழாத குழந்தைக்கும் வலி உண்டு

மூன்று வயதுக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறீர்கள். வயிற்றின் ஒரு பக்கத்தில் கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது. குழந்தையோ ஓடியாடி விளையாடுகிறது. 'வில்ம்ஸ் கட்டி' என்னும் சிறுநீரகப் புற்றுநோய் பல சமயம் இப்படித்தான் தாயின் கையில் முதலில் அகப்படுகிறது. 1899-ல் இதைப் பற்றி விரிவாக எழுதிய ஜெர்மன் ஸர்ஜன் மாக்ஸ் வில்ம்ஸின் பெயர் இதற்கு. அமுக்கி அமுக்கிப் பார்க்காதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

பெயரைக் கேட்டு நடுங்க வேண்டாம். நல்ல சிகிச்சை வசதியுள்ள நாடுகளில் பத்துக் குழந்தைகளில் சுமார் ஒன்பது பிழைத்துக்கொள்கின்றன. ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டாலும், மற்றது சற்றே பெருத்து இரண்டின் வேலையையும் பார்த்துக்கொள்கிறது.

ஆனால் கத்தி வைத்தவர் டாக்டர் என்பது உடம்புக்குத் தெரியுமா? எதிரி வந்துவிட்டதாகவே அது எண்ணுகிறது. அட்ரீனல் சுரப்பி 'கார்ட்டிஸால்' என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கல்லீரல் உண்டாக்கும் 'ஸி.ஆர்.பி.' என்ற புரதமும் ஏறி, இரண்டு மூன்று நாளில் உச்சிக்குப் போய், பிறகு இறங்குகிறது. இறங்கியது மறுபடி ஏறினால், எங்காவது கிருமி புகுந்திருக்கிறதா என்று டாக்டர் தேடுவார். அளவோடு இருந்தால் இவை காவல்காரர்கள். கார்ட்டிஸால் அளவு மீறி நீடித்தால் தசை கரையும். புண் ஆறத் தாமதமாகும்.

பச்சைக் குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று டாக்டர்களே நம்பிய காலம் ஒன்று உண்டு. 1987-ல் இங்கிலாந்தில் டாக்டர் ஆனந்தும் அவருடைய சகாக்களும், இருதயத்தை அடுத்த ரத்தக் குழாயில் ஆபரேஷன் செய்துகொண்ட குறைமாதக் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பலமான வலி மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் இந்தக் கலவரம் குறைவாக இருந்தது. பின்னால் வந்த சிக்கல்களும் குறைவு. வாய் சொல்லாததை ரத்தம் சொல்லிவிட்டது!

ஆகவே, ஆபரேஷனான குழந்தை முனகாமல் படுத்திருந்தால், "சமர்த்தாகத் தூங்குகிறான்" என்று இருந்துவிடாதீர்கள். அசையப் பயப்படுகிறதா, மூச்சை அடக்கிக்கொள்கிறதா என்று கவனித்து நர்ஸிடம் சொல்லுங்கள். "வலி மருந்து பழகிவிடுமே" என்று டாக்டர் தருவதைத் தடுக்காதீர்கள். அதே சமயம், வீட்டுக்கு வந்தபின் கடையில் கேட்டு ஏதோ ஒரு மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். சில வலி மருந்துகள் மிஞ்சியிருக்கும் ஒரே சிறுநீரகத்துக்கு ஆகாதவை.

வலியைத் தணிப்பது செல்லம் கொடுப்பதல்ல, சகோதரிகளே! அதுவும் சிகிச்சைதான்.