மண்ணுக்குள் நடந்தது என்ன?

குளிர் தேசங்களில் பனிக்காலம் என்பது நம் மார்கழியைப் போல் ஒரு கம்பளிப் போர்வையைக் கொண்டு சமாளித்துவிடக்கூடிய சமாசாரம் அன்று. நவம்பர் மாதத்திலேயே மரங்கள் இலை உதிர்ந்து எலும்புக் கூடுகளாக நின்றுவிடும். பிறகு நாலைந்து மாதங்களுக்குத் தோட்டம் என்பது பெயரளவில்தான். இந்நிலையில் ஒரு நாள், பனி முழுவதும் உருகுவதற்கு முன்பே, மண்ணைக் கீறிக்கொண்டு கூரிய பச்சை முனைகள் வெளியே எட்டிப் பார்க்கும். முதலில் வெண்மணி போன்ற ஸ்நோடிராப், அதன் பின் குரோக்கஸ், அப்பால் மஞ்சள் டாஃபோடில், மணம் வீசும் ஹயாசிந்த், எல்லாவற்றுக்கும் கடைசியில் ராஜ கம்பீரத்தோடு ட்யூலிப் என்று வரிசை வரிசையாகப் பூக்கள் வந்து சேரும். அந்நாட்டு ஜனங்களுக்கு வசந்தம் பிறந்த செய்தியை அறிவிப்பவை இந்தப் பூக்களே.

நம்மவர் குடும்பங்கள் எத்தனையோ இன்று லண்டனிலும் டொரொண்டோவிலும் சிறு தோட்டத்தோடு கூடிய வீடுகளில் வாழ்கின்றன. அண்டை வீட்டாரைப் பார்த்து அவர்களும் இலையுதிர் காலத்தில் ஒரு பை கிழங்கு வாங்கி வந்து, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஆசையாக நடுகிறார்கள். ஏப்ரல் மாதம் வருகிறது. பக்கத்து வீட்டுத் தோட்டம் பொன்னும் பவளமுமாய்ப் பொலிகிறது. நம்மவர் தோட்டத்திலோ ஐம்பது கிழங்கு நட்ட இடத்தில் ஐந்து முளைத்திருக்கின்றன. அல்லது, சென்ற ஆண்டு அமோகமாகப் பூத்தவை இவ்வாண்டு வெறும் இலையாக நின்று விழிக்கின்றன. குழந்தைகள் தினந்தோறும் போய்ப் பார்த்துவிட்டு வந்து கேள்வி கேட்கிறார்கள். "நம்முடைய கைராசி அவ்வளவுதான், இந்த மண் நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. கிழங்கு வராததற்குத் தக்க காரணம் உண்டு. பெரும்பாலும் அதைக் கண்டுபிடிக்க ஒரு சிறு மண்வெட்டியே போதும்.

முதலில் இந்தக் கிழங்கு என்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். சமையலறைக் கூடையில் மறந்துபோன வெங்காயம், மண்ணும் நீரும் இல்லாமலே முளை விடுவதைப் பார்க்காத பெண்மணி நம் நாட்டில் இருக்க முடியாது. அந்த முளைக்கு ஆகாரம் எங்கிருந்து கிடைத்தது? அடுக்கடுக்காக இருக்கும் வெங்காயத்தின் சதையிலிருந்துதான். அந்த அடுக்குகள் உண்மையில் இலைகளே. உணவைச் சேர்த்து வைத்துக்கொண்டு பருத்துப்போன இலைகள். ட்யூலிப், டாஃபோடில், ஹயாசிந்த் ஆகியவற்றின் கிழங்குகளும் வெங்காயத்தின் வகையைச் சேர்ந்தவை. குரோக்கஸின் அமைப்பு சற்று வேறாயினும் அது செய்யும் வேலையும் இதுவே. ஆகவே, நாம் நடுவது விதையைப் போன்றதன்று; அதை ஒரு சிறிய நெற்குதிர் என்றே சொல்லலாம். சென்ற வசந்தத்தில் இலைகள் வெயிலில் சம்பாதித்தது அதனுள்ளே பத்திரமாக இருக்கிறது. இந்த ஆண்டு நாம் காணும் பூ, சென்ற ஆண்டின் சேமிப்பில் செய்யும் செலவு.

குதிர் என்று நாம் கூறியது வெறும் அலங்கார வார்த்தை அன்று. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1944-45-ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில், ஜெர்மானியர் வசம் இருந்த மேற்கு ஹாலந்தில் பெரும் பஞ்சம் வந்தது. உணவும் கரியும் நகரங்களுக்கு வரவில்லை. சுமார் 20,000 பேர் மாண்டனர். யுத்தத்தினால் வியாபாரம் நின்று, ட்யூலிப் கிழங்குகள் கிடங்குகளில் கிடந்தன. ஜனங்கள் அவற்றை வாங்கி, நடுவிலிருந்த முளையைக் களைந்துவிட்டு, வேகவைத்தும் மாவாக்கியும் உண்டு உயிர் தரித்தார்கள். அழகுக்காக வளர்த்த பொருள் ஆபத்துக் காலத்தில் அன்னமாயிற்று. பஞ்சம் நீங்கிய அதே 1945-ஆம் ஆண்டில், ஹாலந்து தேசத்தார் கனடாவுக்கு ஒரு லட்சம் ட்யூலிப் கிழங்குகளை நன்றிக் காணிக்கையாக அனுப்பினார்கள். யுத்த காலத்தில் இளவரசி ஜூலியானாவுக்கு ஒட்டாவா நகரம் அடைக்கலம் தந்தது. 1943-இல் அவருக்கு அங்கே பெண் குழந்தையும் பிறந்தது. ஹாலந்தை மீட்பதில் கனடாவின் வீரர்களும் பெரும் பங்கு கொண்டார்கள். ஒட்டாவாவில் மே மாதந்தோறும் நடக்கும் ட்யூலிப் திருவிழா இந்த நட்பின் ஞாபகமே.

இப்போது நம் தோட்டத்துக்கு வருவோம். முதல் ஆண்டு பூத்து இரண்டாம் ஆண்டு ஏமாற்றும் கிழங்குகளைப் பற்றித்தான் அதிக முறையீடு. இங்கே குற்றவாளி பெரும்பாலும் கத்தரிக்கோல். பூ வாடியவுடன் செடி பார்க்க அலங்கோலமாக இருக்கும். நீண்ட இலைகள் தரையில் சாய்ந்து மெல்ல மஞ்சளாகும். சுத்தத்தில் பற்றுள்ளவர்கள் உடனே அவற்றை வெட்டிவிடுகிறார்கள். சிலர் அழகாக முடிச்சுப் போட்டும் வைக்கிறார்கள். ஆனால் அந்த அலங்கோலமான வாரங்களில்தான் குதிர் மறுபடியும் நிரம்புகிறது. அறுவடை வீட்டுக்கு வருகிற சமயத்தில் வழியை அடைத்தால் அடுத்த ஆண்டு என்ன உண்பது? பூ முடிந்த பின் ஆறு வாரமாவது இலைகளைத் தொடாமல் விட வேண்டும். வாடிய பூவை மட்டும் கிள்ளிவிடலாம். விதை வைப்பதில் செலவாகும் சத்து கிழங்குக்கு மிஞ்சும்.

ட்யூலிப் விஷயத்தில் இன்னொரு விசேஷமும் உண்டு. தாய்க்கிழங்கு ஆண்டுதோறும் தன்னையே செலவழித்துத் தீர்ந்துவிடுகிறது. அதன் இடத்தில் சேய்க்கிழங்குகள் உண்டாகின்றன. அவை பருத்தால் பூ. சிறுத்தால் ஓர் இலையோடு சரி. ஆதலால் பல ட்யூலிப் வகைகள் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துபோவது இயற்கை. ஹாலந்திலுள்ள புகழ்பெற்ற கியூகன்ஹாஃப் பூங்காவிலேயே ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சுமார் 70 லட்சம் கிழங்குகளைப் புதிதாக நடுகிறார்கள் என்றால், வீட்டுத் தோட்டக்காரர் வெட்கப்படுவதற்கு என்ன இருக்கிறது? ஆண்டாண்டாக நிலைத்து நிற்க வேண்டுமானால் டாஃபோடிலே உத்தமம். அதுவும் பல ஆண்டுகளில் நெருங்கிப் பெருகி இலையே கதியென்று நின்றுவிட்டால், இலைகள் காய்ந்தபின் தோண்டி எடுத்துப் பிரித்து நட வேண்டும்.

முதல் ஆண்டிலேயே தலை காட்டாத கிழங்கின் கதை வேறு. அக்கம்பக்கத்தில் அதே வகை பூத்து முடியும் வரை பொறுத்திருந்து, பிறகு நட்ட இடத்தை மெதுவாகத் தோண்டிப் பாருங்கள்.

அங்கே ஒன்றுமே இல்லையானால், திருடர் வந்து போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். கிழங்குத் திருட்டு புதிய சங்கதி அன்று. 1593-இல் லெய்டன் நகரத்துக்கு வந்து ஹாலந்தில் ட்யூலிப்பைப் பரவச் செய்த கிளூசியஸ் என்னும் தாவர நிபுணரின் தோட்டத்திலேயே கிழங்குகள் களவு போயின. அவர் காலத்துத் திருடர் மனிதர். நம் காலத்துத் திருடர் அணிலும் எலியும். ட்யூலிப்பும் குரோக்கஸும் அவற்றுக்குப் பெரு விருந்து. டாஃபோடிலிலும் ஸ்நோடிராப்பிலும் விஷச் சத்து இருப்பதால் அவற்றைத் தொடுவதில்லை. நட்ட இடத்தின் மேல் கம்பி வலையைப் பரப்பி மண் போட்டுவிட்டால் முளைகள் கண் வழியே வந்துவிடும்; அணிலின் நகம் செல்லாது. வெங்காயம் போன்றது என்று நாம் சொன்னதைக் கொண்டு டாஃபோடில் கிழங்கை யாரும் சமையலறைப் பக்கம் கொண்டுபோய்விட வேண்டாம்; மனிதருக்கும் அது விஷமே.

கிழங்கு கூழாகி நாற்றம் வீசினால், அது நீரில் மூழ்கிச் செத்தது. ட்யூலிப்பின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் மலைச் சரிவுகள். அங்கே கோடை வறண்டது. மண்ணில் நீர் தங்குவதில்லை. களிமண் நிலத்தில் பனி உருகிய தண்ணீர் தேங்கினால் கிழங்கு மூச்சு முட்டி அழுகும். மணலும் இலை மக்கும் கலந்து மேட்டுப் பாத்தியாக்கி நடுவது இதற்குப் பரிகாரம். டாஃபோடில் கிழங்கின் உள்ளே கொழுத்த புழு ஒன்று குடியிருந்தால், அது ஒரு வகை ஈயின் வேலை. அக்கிழங்கை அப்புறப்படுத்திவிட வேண்டும்.

தக்கை போல் கனமின்றி உலர்ந்திருந்தால், கடையில் வாங்கும்போதே அதற்கு உயிர் இல்லை. வாங்குகையில் வெங்காயத்தை அழுத்திப் பார்ப்பது போல் பார்த்து, கையில் கனமாகவும் கெட்டியாகவும் உள்ளதையே எடுக்க வேண்டும். கிழங்கு கெட்டியாக, வேர் விட்டு, முளையும் மேல்நோக்கிப் புறப்பட்டிருந்தால் மண்ணை மூடிவிட்டுப் பேசாமல் வந்துவிடுங்கள். அது தாமதமாகப் புறப்பட்ட பிரயாணி. தலைகீழாக நட்டிருந்தாலும் கவலை வேண்டாம். முளை வளைந்து திரும்பி அநேகமாக மேலே வந்துவிடும்.

கிழங்கு நன்றாக இருந்தும் பூ வரவில்லையென்றால் குளிர் போதவில்லையோ என்று யோசிக்க வேண்டும். நாம் தப்பி ஓட நினைக்கும் குளிரே ட்யூலிப்புக்கு மருந்து. சுமார் 12 முதல் 16 வாரங்கள் வரை 9 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைவான குளிரில் கிடந்தால்தான் அதன் தண்டு ஒழுங்காக நீளும். 2007-இல் அமைந்த ஸ்ரீநகர் ட்யூலிப் தோட்டம் செழிப்பதற்குக் காஷ்மீரின் பனிக்காலமே காரணம். வெளிநாடு சென்று வருவோர் ஆசைப்பட்டு வாங்கி வரும் கிழங்கு சென்னைத் தொட்டியில் பூக்காததற்குக் காரணமும் அதுவே. வெப்பமான ஊர்களில் கிழங்கைச் சில மாதம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஏமாற்றி நடுவதுண்டு. அப்போது பக்கத்தில் ஆப்பிள் பழம் இருக்கலாகாது. கனியும் பழங்களிலிருந்து வரும் எதிலீன் என்னும் வாயு, கிழங்கினுள் கருவாயிருக்கும் பூவைக் கொன்றுவிடும்.

நடும் ஆழத்தையும் கவனிக்க வேண்டும். கிழங்கின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு ஆழம் என்பது பொது விதி. ட்யூலிப்புக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை. இங்கிலாந்தில் டாஃபோடிலைச் செப்டம்பரிலும் ட்யூலிப்பை நவம்பரிலும் நடுவது வழக்கம். ட்யூலிப்பைத் தாமதமாக நடுவதால், இலைகளைக் கருக்கும் ஒரு வகைப் பூஞ்சை நோயின் உபத்திரவம் குறைகிறது.

இவ்வாண்டு ஐந்தே பூக்கள் பூத்த வீட்டார் அந்த ஐந்தையும் அலட்சியம் செய்ய வேண்டாம். பூ உதிர்ந்த பின் அவற்றின் இலைகள் தாமாகக் காயும்வரை கத்தரிக்கோலை உள்ளே பூட்டி வையுங்கள். காலியான இடங்களில் ஒரு குச்சியை அடையாளத்துக்கு நட்டு, தோண்டியபோது கண்டதை ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இலையுதிர் காலத்தில் புதுக் கிழங்குப் பை வாங்கப் புறப்படும்போது அந்தச் சீட்டும் கையில் இருக்கட்டும்.