கடற்செய்தியைப் படிப்பவர் யார்?

நெய்வேலிப் பூமியில் பழுப்பு நிலக்கரி யுகயுகமாய்க் கிடந்தது. அகழும் கருவி கைக்கு வந்த பின்னரே அது நாட்டின் செல்வமாயிற்று. கிழக்கே கடலூர்க் கரையில் இன்று ஆகாய மார்க்கமாக மற்றொரு செல்வம் கேட்பாரற்றுச் செல்கின்றது. கப்பல்கள் இடைவிடாது ஒலிபரப்பும் செய்தியையே குறிக்கின்றோம்.

சர்வதேச யாத்திரை செய்யும் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள், தம் அடையாள எண்ணையும், செயற்கைக்கோளால் அறிந்த இடத்தையும், வேகத்தையும் அறிவித்தல் வேண்டுமென்ற உலக விதி 2004 இறுதிக்குள் முழுமையாய் அமலாயிற்று. இதில் இரகசியம் ஏதுமில்லை. ஆறாறு பிட்டுகளாய்க் கட்டிய எழுத்துக் கோவையே அது. ‘ஜிபிஎஸ்டி’ என்னும் இலவச மென்பொருளிலுள்ள ‘ஜிபிஎஸ்டிகோட்’ என்ற கட்டளையிடம் அதனை ஒப்புவித்தால், வாசிக்கத்தக்க விவரமாய் விரித்துத் தருகின்றது. கப்பலின் எண் 419 எனத் தொடங்கின் அது இந்தியாவினுடையது.

2017 ஜனவரி 28-இல் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டிய துயரை நேயர்கள் மறந்திரார். அன்றன்று சேமித்த செய்தி கரையில் இருக்குமாயின், எக்கப்பல் எப்பொழுது எங்கிருந்ததென மீனவரும் சோதித்தறியலாம். ஆயினும் கப்பல் கூறுவதெல்லாம் மெய்யென்று கொள்ளலாகாது. கருவியை அணைத்தலும் பொய்யிடம் கூறலும் உலகில் நடப்பனவே. ஆதலின் படிப்பவர் பலராதல் அவசியம்.

மீன்பிடிக் கலங்களுக்கு 1 லட்சம் செய்திக் கருவிகள் வழங்கும் திட்டத்தை இந்திய சர்க்கார் 2024 ஆகஸ்டில் தொடங்கினர். நன்றே. கருவியோடு, ஆகாயச் செய்தியைப் படிக்கும் பயிற்சியையும் கரையோரப் பள்ளிகளுக்கு அளித்தல் வேண்டும். பிறர் படித்துச் சொல்லக் கேட்டிருப்பவன் தன் கடலிலும் அந்நியனே.