வெந்த கைக்கு முதலாளி யார்?

கங்காணி முறை ஒழிந்துவிட்டது என்று நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. கங்காணி சாகவில்லை. தோட்டத்தை விட்டுவிட்டு, மும்பையைச் சுற்றியுள்ள பொழுதுபோக்குப் பூங்காக்களில் ‘சர்வீஸ் கம்பெனி’ என்ற பெயர்ப் பலகையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

தாராவியில் உள்ள நம் உறுப்பினர் ஒருவரின் மகன், நெல்லைச் சீமைப் பிள்ளை, நகருக்கு வெளியே ஒரு பெரிய பூங்காவின் சிற்றுண்டிக் கடையில் வடை பொரித்துக்கொண்டிருந்தான். சென்ற மாதம் கொதிக்கும் எண்ணெய் சாய்ந்து வலக்கை முழங்கை வரை வெந்துபோயிற்று. நியாயம் கேட்கச் சங்கத்திலிருந்து நாங்கள் மூன்று பேர் போனோம். பூங்கா மேனேஜர், “ஹமாரா ஆத்மி நஹீ, கடைக் கம்பெனியைக் கேளுங்கள்” என்றார். கடைக் கம்பெனியோ, “ஆள் அனுப்பியது காண்டிராக்டர்” என்றது. காண்டிராக்டரின் விலாசத்தில் ஒரு பூட்டுத்தான் தொங்கியது. ஆனால் பையன் போட்டிருந்த சட்டையின் முதுகில் பூங்காவின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது!

“இது உலகம் பூராவும் உள்ள நடைமுறை” என்கிறார்கள். இருக்கட்டும். 1955 ஜூலை 17-ல் அமெரிக்காவில் டிஸ்னிலாந்து திறந்தபோது, பணத் தட்டுப்பாட்டில் பல கடைகளையும் சாப்பாட்டு விடுதிகளையும் வெளிக் கம்பெனிகளுக்குத்தான் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகைக் காலம் முடிய முடிய, அவற்றில் பலவற்றைத் தாங்களே எடுத்து நடத்தினார்கள். இந்த உதாரணத்தை நமக்குக் காட்டுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

குத்தகைக்கு விடுவதே பாவம் என்று நாம் சொல்லவில்லை. வாடகையும் விற்பனையில் பங்கும் எனக்கு, பொறுப்பு மட்டும் உனக்கு என்பதுதான் பாவம்.

“சாப்பாட்டுக் கடை எங்கள் தொழில் அல்ல” என்பது அடுத்த சாக்கு. அப்படியா? விடுமுறையில் பிள்ளைகளோடு பூங்காவுக்குப் போன நம் தாய்மார்களைக் கேளுங்கள். வாசலில் பையைத் துழாவி, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை வெளியே வைக்கச் சொல்கிறார்களே, அது எதற்காக? உள்ளே விற்கும் சாப்பாட்டில் லாபம் இருப்பதால்தானே? நம் பொட்டலத்தைப் பிடுங்கும்போது சாப்பாடு அவர்கள் தொழில். நம் பிள்ளையின் கை வெந்தால் மட்டும் அது வேறு எவனோ ஒருவனின் தொழிலா?

இந்தச் சாக்கைச் சட்டம் எப்போதோ கண்டுகொண்டது. 1923-ல் வெள்ளைக்காரன் எழுதிய தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமே, தன் வழக்கமான தொழிலின் ஒரு பகுதியைக் காண்டிராக்டரிடம் விட்டவர், அந்த வேலையில் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு கொடுக்கவேண்டும், பிறகு காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது. 1970-ம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், காண்டிராக்டர் கூலி தராவிட்டால் பிரதான முதலாளி தரவேண்டும் என்றது.

ரயில்வேயில் உள்ள நமக்கு இது புதிய வழக்கும் அல்ல. கேன்டீன் தொழிலாளரை ‘எங்கள் ஆட்கள் அல்ல’ என்றுதான் நிர்வாகமும் வாதாடியது. சட்டப்படி நடத்தியாக வேண்டிய ரயில்வே கேன்டீன்களின் தொழிலாளர் ரயில்வே ஊழியரே என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது தானாகக் கனிந்து விழுந்த பழம் அல்ல. தொழிலாளர் வழக்காடிப் பெற்றது.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. நஷ்டஈடு, கூலி இவற்றில் பிரதான முதலாளியின் பொறுப்பை அவை எடுத்துவிடவில்லை. ஆனால் பழைய மத்தியச் சட்டத்தின் 20 பேர் என்ற வரம்பு 50 ஆகிவிட்டது. 49 பேரை வைத்திருக்கும் ஆள் சப்ளைக் கங்காணிக்கு லைசென்ஸ் தேவையில்லை! பிரதான வேலையில் காண்டிராக்ட் கூடாது என்று ஒரு கையால் எழுதி, துப்புரவு, காவல், கேன்டீன், தோட்டவேலை எல்லாம் பொதுவாகப் பிரதான வேலையே அல்ல என்று மறு கையால் அழித்திருக்கிறார்கள். இவற்றை எடுத்துவிட்டால் பூங்காவில் ராட்டினத்தைத் தவிர என்ன மிச்சம்?

நமது கோரிக்கைகள் மூன்று. வெந்த கைக்கான நஷ்டஈட்டைப் பூங்கா முதலில் கொடுக்கட்டும். காண்டிராக்டரோடு கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள்ளட்டும். உள்ளே வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. எண் வேண்டும். எந்தக் கடையை எந்தக் கம்பெனி நடத்துகிறது, ஆள் அனுப்புவது யார் என்ற விவரம் வாசலில் எழுதி ஒட்டப்படவேண்டும்.

பூங்காக்களிலும் மால்களிலும் வேலை செய்யும் தம்பிகளே, தங்கைகளே! அடையாள அட்டை, சம்பளம் வந்த கணக்கு, வருகைப் பதிவு, சீருடையோடு ஒரு புகைப்படம் எதையும் தொலைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பையனுக்காக மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் அவன் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் பெயர்களும் சேர்ந்தால் ‘ஹமாரா ஆத்மி நஹீ’ என்று சொல்ல அந்த மேனேஜருக்கு நாக்கு எழாது.

வாசலில் யார் பெயரோ, அவரே பதில் சொல்லட்டும்!