உடைஞ்சா தாங்குமா? - ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் ஒரே வண்டி

"வாரநாள்ல ஆபீசுக்கு ஓட்டணும், மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ட்ராக்லயும் விரட்டணும். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் சொல்லுங்க."

இங்க இங்கிலாந்துல கார் பைத்தியங்கள் ரெண்டு பேர் சேர்ந்தா நடக்குற பட்டிமன்றம் இதுதான். நம்ம மக்கள்லயும் ரெண்டு மூணு பேர் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. கேட்டதும் எல்லாரும் செய்யிற வேலை என்னன்னா, எத்தனை குதிரைசக்தி, நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை செகண்டுல தொடும்னு ஒரு பட்டியல் போடறது. என்னைக் கேட்டா அந்தப் பட்டியலை ஓரமா வெச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டுக்குங்க: இந்த வண்டி நாளைக்கே ட்ராக்ல உடைஞ்சா என்னால தாங்க முடியுமா?

என்னடா இவன் எடுத்ததுமே அபசகுனமா பேசறான்னு நினைக்காதீங்க. இந்தக் கேள்வியில இருந்துதான் மத்த எல்லா பதிலும் வருது.

முதல்ல எடை

ட்ராக்குக்கு ஏன் எடை குறைஞ்ச வண்டி? கொஞ்சம் பள்ளிக்கூட பௌதிகம், பயந்து ஓடிடாதீங்க :-)

160 கிலோமீட்டர் வேகத்துல வர்ற 1500 கிலோ வண்டியை நிறுத்தணும்னா சுமார் 15 லட்சம் ஜூல் ஆற்றல் பிரேக்ல சூடா மாறணும். அந்தச் சூட்டுல நாலு லிட்டர் பச்சைத் தண்ணி கொதிச்சுடும். அதே வேகத்துல 750 கிலோ வண்டின்னா ரெண்டு லிட்டர் சொச்சம்தான். ட்ராக்ல யாரும் முழுசா நிறுத்தறதில்லை, சரி. ஆனா ஒவ்வொரு சுத்துலயும் வளைவுக்கு வளைவு இதுல ஒரு பெரும்பகுதியை பிரேக் முழுங்கணும், அதுவும் இருபது நிமிஷம் விடாம. கனமான வண்டியில பேட் கரையும், டிஸ்க் விரியும், டயர் தேயும். அதை எல்லாம் தாங்க பெரிய பிரேக், அகலமான டயர் போடுவாங்க, அது இன்னும் காசு. 1989-ல வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5-க்கு 14 அங்குல சக்கரத்துல 185 மில்லிமீட்டர் டயர்தான். நாலும் மாத்தினாலும் மாசச் சம்பளம் போகாது.

ரோட்லயும் இதே கதைதான். இங்க கிராமத்து ஒத்தை ரோட்ல உச்சவரம்பு மணிக்கு 60 மைல், மோட்டார்வேல 70. ஐநூறு குதிரைசக்தி வண்டியில ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சா மூணு நாலு செகண்டுல சட்டத்தைத் தாண்டிடுவீங்க. மீதி நேரம் எல்லாம் சிங்கத்தைச் சங்கிலியில கட்டி இழுத்துட்டுப் போற மாதிரி. நூத்துப் பதினஞ்சு குதிரைசக்தி வண்டியில கியரை மாத்தி மாத்தி, இஞ்சினை முழுசாப் பிழிஞ்சு, லைசென்ஸுக்கு ஆபத்தில்லாம ஓட்டலாம்.

இன்னொண்ணு. இங்க நடக்குற சாதாரண ட்ராக் நாள்கள்ல லேப் டைம் எடுக்கவே கூடாதுன்னு விதி. அது பந்தயம் கிடையாது. முன்னாடி போறவர் வழி விட்டாத்தான் தாண்டணும். ஸ்டாப்வாட்சே இல்லாத இடத்துக்கு அரை செகண்ட் வேகமான வண்டி தேடி அலையறது எதுக்கு சொல்லுங்க?

மூணு பேர் களத்துல

எடைன்னு பேச்சு வந்துட்டா மூணு பேர் கட்டாயம் வருவாங்க.

ஒண்ணு, லோட்டஸ் எலிஸ். 1996-ல வந்துச்சு. நார்ஃபோக்ல ஹெதல்னு ஒரு இடம், ரெண்டாம் உலகப்போர்ல விமானத்தளமா இருந்தது, அங்கதான் தொழிற்சாலை. அலுமினியத் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டி 68 கிலோவுல ஒரு சட்டகம் செஞ்சாங்க. அது மேல ஃபைபர் உடம்பு. மொத்த வண்டியும் ஏறக்குறைய 725 கிலோ. நம்ம பழைய மாருதி 800-ஐ விட கொஞ்சம்தான் அதிகம்! பவர் ஸ்டீரிங் கிடையாது. ரோட்ல கிடக்குற ஜல்லிக்கல்லு கூட கையில தெரியும்னு சொல்றது மிகை இல்லை. இவ்வளவுக்கும் ஸ்பிரிங் மெத்துனு இருக்கும், மேடு பள்ளத்துல தூக்கிப் போடாது. ஓட்டுற சுகம்னு பார்த்தா மூணுல முதல் மார்க் இதுக்குத்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்லை.

ரெண்டு, கேட்டர்ஹாம் செவன். காலின் சாப்மன் 1957-ல லோட்டஸ் செவன்னு கொண்டு வந்த வண்டி. 1973-ல அதோட உரிமையை கேட்டர்ஹாம் வாங்கி இன்னிக்கு வரைக்கும் செஞ்சுட்டு இருக்காங்க. பெட்டியில பாகமா வாங்கிட்டு வந்து வீட்டு ஷெட்ல நீங்களே பூட்டிக்கலாம். 2021-ல வந்த செவன் 170 வெறும் 440 கிலோ. அதுல இருக்கறது சுசுகியோட 660 சிசி டர்போ இஞ்சின்! 1995-ல இருந்து புதுசா வர்றவங்களுக்குன்னே ஒரு பந்தயத் தொடர் நடத்தறாங்க. தானே பூட்டின, ரோட்ல ஓட்டவும் அனுமதி உள்ள வண்டியில ஓட்டுவாங்க.

மூணு, மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-ல சிகாகோ கண்காட்சியில காட்டினாங்க. 2016-ல பத்து லட்சமாவது வண்டி வெளிய வந்துச்சு. முதல் தலைமுறை ஆயிரம் கிலோவுக்குள்ள. 2015-ல வந்த நாலாவது தலைமுறையில ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் இருந்தும், வந்த புதுசுல ஜப்பான்ல வித்த அடிப்படை மாடல் 990 கிலோதான் இருந்துச்சு. எல்லா கம்பெனி வண்டியும் குண்டாகிட்டே போற காலத்துல இது சின்ன சாதனை இல்லை. எலிஸ் 2021-ல நின்னு போச்சு, அதுக்கப்புறம் லோட்டஸ் கொண்டு வந்த எமிராவே 1400 கிலோ!

இங்க எம்எக்ஸ்-5-ஐ 'முடி அலங்காரம் பண்றவங்க கார்'னு கேலி பண்ணுவாங்க. பண்ணட்டும். முடி அலங்காரம் பண்றவங்களுக்கு ரசனை இருக்குன்னு அர்த்தம்.

யாரும் கேக்காத கேள்வி

இப்ப முதல்ல கேட்ட கேள்விக்கு வருவோம்.

இங்க சாதாரண கார் இன்சூரன்ஸ் பெரும்பாலும் ட்ராக்கை ஏத்துக்காது. சின்ன எழுத்துல எங்கயோ போட்டிருப்பாங்க. ட்ராக்குக்குன்னு ஒரு நாள் காப்பீடு தனியா விக்கறாங்க, அதுலயும் முதல் பெருந்தொகை உங்க கையில இருந்துதான் போகணும். ஜெர்மனியில நூர்பர்க்ரிங் போய் ஓட்டணும்னு நம்மாளுங்க நிறைய பேருக்கு ஆசை. 20.8 கிலோமீட்டர் வடக்கு வளையம், சட்டப்படி அது கட்டணம் கட்டிப் போற ஒருவழி ரோடு. அங்க போய் தடுப்புல முட்டினா உங்க வண்டிச் செலவோட தடுப்புக்கும் சேர்த்து பில் வரும்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மூணு வண்டியையும் திரும்பப் பாருங்க.

எலிஸ்ல முன்பக்கம் முழுக்க ஒரே ஃபைபர் உறை, பின்பக்கம் முழுக்க இன்னொண்ணு. மூலையில லேசா உரசினாலும் அந்த முழு உறையையும் கழட்டி வேலை பார்க்கணும். பசை போட்டு ஒட்டின அலுமினியச் சட்டகம் வளைஞ்சுட்டா தெருமுனை வெல்டிங் பட்டறையில நிமிர்த்த முடியாது. உற்பத்தி வேற நின்னு போச்சா, நல்ல வண்டிகளோட விலை ஏறிக்கிட்டே போகுது. அதனால என்ன ஆகுதுன்னா, ட்ராக்ல ஓட்டறதுக்காக எலிஸ் வாங்கினவங்க அதைப் போர்வை போத்தி வீட்டுக்குள்ள வெச்சுப் பூஜை பண்றாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மழை வந்தா எடுக்க மாட்டார், வெயில் அடிச்சா பெயிண்ட் போயிடும்பார். இங்கிலாந்துல மழையும் வெயிலும் இல்லாத நாள் எதுன்னு அவரைத்தான் கேக்கணும் :-)

கேட்டர்ஹாம் உடைஞ்சா தாங்கும். மூக்குப் பகுதியும் சக்கரத்துக்கு மேல இருக்கற மட்கார்டும் தனித்தனி, நீங்களே கழட்டி மாட்டலாம். ஆனா தினசரி ரோடு? கதவுன்னு சொல்றது ஒரு துணித் தடுப்பு. பக்கத்துல லாரி வந்தா அதோட சக்கரம் உங்க முகத்துக்கு நேரா சுத்தும். ஏர்பேக் கிடையாது. ஆபீசுக்குப் போக வேற வண்டி இருக்கறவங்களுக்கு இதை விட நல்ல விளையாட்டு சாமான் இல்லை. ஆனா நாம பேசறது ஒரே வண்டிக்காரங்களைப் பத்தி.

எம்எக்ஸ்-5? சாதாரண இரும்பு உடம்பு, தனித்தனி போல்ட் போட்ட பக்கத் தகடு. பழைய கார் உடைக்கிற யார்டுல கதவு, பானட், ஹெட்லைட் எல்லாம் கிடைக்கும். நல்ல எலிஸ் ஒண்ணு வாங்குற காசுல பழைய எம்எக்ஸ்-5 ரெண்டு மூணு வாங்கிடலாம். பின்சக்கர ஓட்டம், முதல் தலைமுறையில இருந்தே கச்சிதமான கியர், வெயில் வந்தா ஒரு கையால கூரையைத் தள்ளி விடலாம். திங்கட்கிழமை காலையில மழையில ஹீட்டரைப் போட்டுக்கிட்டு ஆபீஸ் போகலாம்.

என் ஓட்டு இதுக்குத்தான்.

குறை இல்லையான்னா இருக்கு. வளைவுல நல்லாச் சாயும். பழைய ரெண்டு தலைமுறையிலயும் கதவுக்குக் கீழ இருக்கற பகுதியும் பின்சக்கர வளைவும் துருப்பிடிக்கும். ரெண்டாவது தலைமுறையில முன்பக்கச் சட்டகம் உள்ளுக்குள்ளயே அரிச்சுப் போகும், அதனால வண்டியைத் தூக்கி அடியில பார்க்காம காசு குடுக்காதீங்க. திறந்த வண்டிங்கறதால ட்ராக் நடத்தறவங்க பலரும் ரோல் பார் கேப்பாங்க. ஆறடிக்கு மேல இருக்கறவங்க ஹெல்மெட் போட்டு உக்காந்தா தலை அதுக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி ஹெல்மெட்டோட போய் உக்காந்து பாருங்க, விக்கிறவர் சிரிச்சா சிரிக்கட்டும்.

குழந்தைகளோட போற ஒரே வண்டின்னா இந்த மூணுமே ஆகாது, எல்லாம் ரெண்டே சீட்டு.

மிச்சக் காசை என்ன பண்றது?

இங்கதான் நிறைய பேர் சறுக்கறாங்க. வண்டி வாங்கின மறுவாரமே டர்போ, பெரிய புகைக்குழாய்னு ஆரம்பிச்சுடுவாங்க. புகைக்குழாய் சத்தம் டெசிபல் வரம்பைத் தாண்டினா ட்ராக் வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. என் வரிசை இது:

1. பிரேக் ஆயில். இது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுன்னு தர அளவு. ஈரம் ஏறின பிறகு அது 155. கொதிச்சா குமிழி வரும், பெடல் அப்படியே தரைக்குப் போகும். வருஷா வருஷம் மாத்துங்க, அற்பக் காசுதான்.

2. பேட். முழு ரேஸ் பேட் சூடானாத்தான் பிடிக்கும். காலைக் குளிர்ல முதல் சிக்னல்ல நிக்காது. ரோடும் ட்ராக்கும் ரெண்டும் தாங்குற நடுத்தர ரகம் போதும்.

3. டயர். ரேஸ் டயருக்குப் பக்கத்துல வர்ற ரகம் மழைத் தண்ணி தேங்கின ரோட்ல பயங்கரம். நல்ல ரோடு டயரே போடுங்க. மெதுவாத்தான் நழுவும், நழுவறதும் முன்கூட்டியே தெரியும். கத்துக்க அதுதான் நல்லது.

4. வாத்தியார். பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்க ட்ராக்லயே ஆள் இருப்பாங்க. அரைமணி நேரப் பாடம் எந்த டர்போவையும் விட உங்களை வேகமாக்கும். வண்டியை வித்தாலும் அது உங்க கூடவே வரும்.

ஸ்பிரிங்கைக் கட்டையா மாத்தி வண்டியைத் தரையோட ஒட்ட வைக்கறது மட்டும் வேண்டாம். வழவழ ட்ராக்ல நல்லாத்தான் இருக்கும். குண்டும் குழியுமான கிராமத்து ரோட்ல சக்கரம் தரையை விட்டுத் துள்ளும், பிடிப்பே போயிடும். வருஷத்துல பன்னெண்டு நாள் ட்ராக், மீதி முந்நூத்தம்பது நாள் ரோடுங்கறதை மறந்துடக் கூடாது.

"அப்ப பயந்து பயந்து ஓட்டச் சொல்றீங்களா?"

இப்படிக் கேப்பீங்கன்னு தெரியும். நேர்மாறா சொல்றேன். இழந்தா வீட்டுக்கடன் கட்ட முடியாதுங்கற வண்டியில போறவன்தான் ஒவ்வொரு வளைவுலயும் தடுப்பைப் பார்த்துக்கிட்டே ஓட்டுவான். தடுப்பைப் பார்த்தா வண்டியும் அங்கதான் போகும், இது எல்லா வாத்தியாரும் முதல்ல சொல்ற பாடம். போனா போகுதுன்னு விட முடியற வண்டியில இருக்கறவன் வளைவு எங்க முடியுதுன்னு பார்ப்பான், தைரியமா கத்துக்குவான்.

ஒரு விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 'உடைஞ்சா தாங்கும்'னு சொன்னது பர்ஸை, உடம்பை இல்லை. கையில கொஞ்சம் காசு சேர்த்து வெச்சிருந்தா முப்பது வருஷப் பழசுக்குப் போகாம நாலாவது தலைமுறையே வாங்குங்க. ஏபிஎஸ், ஏர்பேக், வண்டி வழுக்காம பார்த்துக்கற கட்டுப்பாடு எல்லாம் இருக்கு. மோதினா காப்பாத்தறது அதுதான். அந்த அளவுக்குக் காசு இல்லையா, துருவில்லாத பழசு ஒண்ணு, கூட நல்ல ரோல் பார். ரெண்டுக்கும் நடுவுல 2005-ல வந்த மூணாவது தலைமுறை இருக்கு. கொஞ்சம் பூசினாப்புல இருக்கும், ஆனா உள்ளுக்குள்ள அதே குணம்தான்.

ஆக, கடன் வாங்காம, தூக்கம் கெடாம ஓட்ட முடியற எடை குறைஞ்ச வண்டி எதுவோ அதை வாங்குங்க. என் கணக்குல அது எம்எக்ஸ்-5. உங்க கணக்குல வேறயா இருந்தா தாராளமா பின்னூட்டத்துல வந்து சண்டை போடுங்க.

பி.கு: எலிஸ் ரசிகர்கள் வீட்டுக்கு ஆட்டோ அனுப்ப வேண்டாம். எலிஸையே அனுப்பினா வாங்கிக்கறேன் :-)